இரண்டு காதல் நாவல்களில் அடுத்து எதை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தற்காலக் காதல் நாவல்களை விடாமல் வாசிக்கிறவள் நான். அது தெரிந்தவர்கள் இரண்டு புத்தகங்களின் அட்டையைப் படம் பிடித்து அனுப்பி, "இதுல எது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. புத்தகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். சில நாவல்களைப் பெயர் சொல்லிப் பேசியிருக்கிறேன். எந்த மாதிரி முடிவு என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதை மட்டும் சொல்லி, என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டேன்.

காதல் வர்ற எல்லா நாவலும் ரொமான்ஸ் நாவல்தானே?

இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எடுப்பதால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது. 1980இல் தொடங்கப்பட்ட 'ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற எழுத்தாளர் சங்கம் இதற்கு இரண்டு நிபந்தனைகளை வகுத்தது. காதல் கதைதான் நாவலின் மையமாக இருக்க வேண்டும். முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த வகையை வாசிப்பவர்கள் 'ரொமான்ஸ்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தில் முடிந்தாக வேண்டும் என்றில்லை. இருவரும் சேர்ந்திருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள் என்று நம்ப முடிந்தால் போதும். கதை நம் காலத்தில் நடந்தால் அது தற்காலக் காதல் நாவல்.

டேவிட் நிக்கல்ஸின் 'ஒன் டே' (2009), ஜோஜோ மோயஸின் 'மீ பிஃபோர் யூ' (2012) இரண்டையும் பலர் காதல் நாவல் என்று நினைத்தே எடுக்கிறார்கள். இரண்டுமே அருமையான காதல் கதைகள், இரண்டுமே அழவைப்பவை. மேலே சொன்ன கணக்கில் அவை ரொமான்ஸ் ஆகா. சாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்' (2018) முடிவைத் திறந்தே விட்டுவிடுகிறது. உங்கள் கையிலிருக்கும் இரண்டில் ஒன்று இந்த ரகம் என்றால், வேறு எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இப்போது அழத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு புக் கையில இருக்கு. முதல்ல எதைப் பாக்கணும்?

அந்த இருவரும் ஏன் இன்னும் சேரவில்லை என்பதைப் பாருங்கள். எந்த இரண்டு நாவல்களைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். சேரப் போகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். முந்நூறு நானூறு பக்கம் நம்மைக் கூட்டிப்போவது இருவருக்கும் நடுவில் நிற்கிற தடைதான். அது வலுவாக இருந்தால் நடை சுமாராக இருந்தாலும் கதை தாங்கிக்கொள்ளும். அது சொத்தையாக இருந்தால் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் நூறு பக்கத்துக்குள் நமக்கு அலுத்துவிடும்.

தடைகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். முதலாவது வெளியே இருப்பது: வேலை, தூரம், குடும்பம், ஒரே பதவிக்குப் போட்டி. இரண்டாவது மனதுக்குள் இருப்பது: பழைய காயம், யாரையும் நம்ப முடியாத பயம், தன்னை யாரும் கடைசிவரை விரும்ப மாட்டார்கள் என்ற எண்ணம். மூன்றாவது வெறும் தப்பான புரிதல்: அவன் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்ததை இவள் பார்த்துவிடுகிறாள், அது அவன் தங்கை. நல்ல நாவலில் வெளியே இருக்கிற தடை உள்ளே இருப்பதைக் கிளறிவிடும், இரண்டும் பின்னிக்கொண்டு போகும். மூன்றாவதை மட்டுமே நம்பி ஓடுகிற நாவலை நான் எப்போதும் பின்னால்தான் தள்ளுவேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுகிற பிரச்சினைக்காக யாரும் ஒரு வாரம் செலவழிக்க வேண்டியதில்லை.

அது பின்னட்டையிலேயே தெரிஞ்சிடுமா?

பெரும்பாலும் தெரிந்துவிடும். பின்னட்டைக் குறிப்பில் 'ஆனால்' எங்கே வருகிறது என்று தேடுங்கள். அதற்கு முன்னால் இருப்பது அறிமுகம், கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. "அவள் சொந்த ஊர் திரும்புகிறாள். ஆனால் பக்கத்து வீட்டில் அவன் குடியிருக்கிறான்" என்று இருந்தால் அது சந்திப்பு மட்டும்தான், இன்னும் தடை வரவில்லை. "ஆனால் அவன் இடிக்க வந்திருக்கும் கட்டடம் அவள் அம்மாவின் பள்ளிக்கூடம்" என்று இருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது.

குறிப்பு முழுக்க நாயகனின் தோற்றமும் நாயகியின் துடுக்குத்தனமும் மட்டுமே இருந்தால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறிப்பு எழுதுபவர் பெரும்பாலும் நாவலாசிரியர் அல்ல, பதிப்பகத்து ஆள். நல்ல நாவலுக்கு மோசமான பின்னட்டை அமைவதுண்டு. அந்த மாதிரி நேரத்தில் மாதிரிப் பக்கங்களைத்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

நிஜமான ரெண்டு புக்கை வெச்சு ஒரு தடவை காட்டுங்களேன்.

பெத் ஓ'லியரியின் 'தி ஃப்ளாட்ஷேர்' (2019), எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020). இரண்டும் பளிச்சென்ற புத்தகங்கள், இரண்டிலும் சிரிக்க நிறைய இருக்கிறது, இரண்டிலும் அடியில் ஒரு வலி ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும்.

'தி ஃப்ளாட்ஷேர்' கதையில் டிஃபியும் லியோனும் லண்டனில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவன் இறுதிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர், இரவுப் பணி. அவள் பதிப்பகத்தில் பகல் வேலை. ஒருவர் வீட்டில் இருக்கும்போது மற்றவர் இருப்பதில்லை. வீட்டில் ஆங்காங்கே ஒட்டி வைக்கும் துண்டுச் சீட்டுகளில்தான் பழக்கம் தொடங்குகிறது. நேரில் பார்த்துக்கொள்வதற்கு முன்பே ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துவிடுகிறது. இங்கே தடை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது: டிஃபியை வார்த்தைகளாலேயே ஆட்டிவைத்த முன்னாள் காதலன், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருக்கும் லியோனின் தம்பி. இருவரும் ஒருவரிடம் ஒருவர் அன்பாகவே நடந்துகொள்கிறார்கள். அந்த முன்னாள் காதலன் அவள் மனதில் விட்டுப்போனதுதான் உள்ளே இருக்கிற தடை. அது என்ன என்பதை அவளே மெதுவாகத்தான் புரிந்துகொள்கிறாள்.

'பீச் ரீட்' கதையின் நாயகி ஜனுவரி ஒரு காதல் நாவலாசிரியர். அப்பா இறந்தபோது, அவருக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்தது தெரியவருகிறது. அதற்குப் பிறகு அவளால் காதலைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை. அப்பா விட்டுப்போன ஏரிக்கரை வீட்டுக்கு வருகிறாள். பக்கத்து வீட்டில் இருப்பவன் கஸ், கல்லூரி நாளிலிருந்தே போட்டியாளன், இப்போது தீவிர இலக்கியம் எழுதுகிறவன். அவன் மகிழ்ச்சியாக முடியும் ஒரு கதை எழுத வேண்டும், அவள் அவன் பாணியில் எழுத வேண்டும் என்று பந்தயம். இங்கே தடை முழுக்க உள்ளே: அப்பா அம்மாவின் காதலே பொய் என்றால் எந்தக் காதலை நம்புவது?

சரி, எது? நல்ல மனிதர்கள் இருவர் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்பதைப் படிக்க வேண்டும் என்றால் 'தி ஃப்ளாட்ஷேர்'. வாய்ச்சண்டையும் துக்கமும் எழுத்தைப் பற்றிய பேச்சும் கலந்து வேண்டும் என்றால் 'பீச் ரீட்'. இந்த வகைக்கே புதிதாக வருகிறவருக்கு நான் முதலாவதைத்தான் தருவேன். அண்மையில் பெற்றோரை இழந்தவர்கள் 'பீச் ரீட்'டைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். பின்தொடர்ந்து தொல்லை தரும் ஆளைப் பற்றிப் படிக்க முடியாதவர்கள் 'தி ஃப்ளாட்ஷேர்' பக்கம் இப்போது போக வேண்டாம்.

மாதிரிப் பக்கங்கள்ல என்னத்தைப் பாக்கறது? முதல் அத்தியாயம் எல்லாத்துலயும் நல்லாத்தானே இருக்கு?

உண்மைதான், முதல் அத்தியாயத்தை எல்லாரும் இழைத்து இழைத்து எழுதுவார்கள். அதனால் இருவரும் முதல்முறை பேசிக்கொள்ளும் இடத்துக்குப் போங்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கிப் பதில் சொல்கிறாரா, இல்லை இருவரும் ஆளுக்கொரு பஞ்ச் வசனம் பேசுகிறார்களா என்று பாருங்கள். ஒருவர் சொன்ன சின்ன விஷயத்தை மற்றவர் பிடித்துக்கொண்டு, பத்து வரி கழித்துத் திருப்பிக் கேட்டால் அந்த ஜோடியின் பேச்சு கடைசிவரை நன்றாக இருக்கும். பேச்சை எடுத்துவிட்டு வர்ணனை மட்டும் காதல் என்று சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு அந்த நாவல் ஓடாது.

இன்னொன்றையும் கவனிப்பேன். நாயகன் வராத ஒரு பக்கத்தில் நாயகிக்கு ஏதாவது வேலை, கவலை, ஆசை இருக்கிறதா? அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லையென்றால் பாதிக்கு மேல் கதை தள்ளாடும். நாயகனுக்கும் இதே கேள்விதான்.

அவ பக்கம் மட்டும் சொல்ற கதையா, ரெண்டு பேர் பக்கமும் மாறி மாறி வர்றதா? எது நல்லது?

இரண்டும் நல்லவைதான், தருகிற சுகம் வேறு. ஒருத்தியின் பார்வையில் மட்டும் கதை போனால், அவன் என்ன நினைக்கிறான் என்பதை அவளோடு சேர்ந்து நாமும் ஊகிக்க வேண்டும். சாலி தோர்ன் எழுதிய 'தி ஹேட்டிங் கேம்' (2016) இதற்கு நல்ல உதாரணம். லூசியும் ஜோஷுவாவும் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசை, ஒரே பதவிக்குப் போட்டி. கதையை லூசி மட்டும் சொல்கிறாள். அவன் சட்டைகளின் நிறம் எந்த வரிசையில் மாறுகிறது என்பது வரைக்கும் அவளுக்கு மனப்பாடம். பிடிக்காத ஒருவனை ஏன் இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறோம் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை, நமக்கு உறைக்கிறது. இரண்டு பக்கமும் சொல்லியிருந்தால் இந்தச் சுவை கிடைத்திருக்காது.

இரண்டு பக்கமும் மாறி மாறி வரும்போது ஊகம் போய், தவிப்பு வருகிறது. இருவருக்கும் ஆசை இருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இதில் பார்க்க வேண்டியது குரல் மாறுகிறதா என்பதுதான். மேலே சொன்ன 'தி ஃப்ளாட்ஷேர்' இதைச் சிறப்பாகச் செய்கிறது: டிஃபி பேசிக்கொண்டே போவாள், லியோனின் அத்தியாயங்களில் வாக்கியங்கள் வெட்டு வெட்டாக, 'நான்' என்ற சொல்கூட உதிர்ந்து வரும். அத்தியாயத் தலைப்பில் பெயரைப் பார்த்தால்தான் யார் பேசுவது என்று தெரிகிற நாவலை விட, ஒரே பார்வையில் ஒழுங்காகச் சொன்ன நாவல் மேல்.

ட்ரோப் பாத்து எடுக்கலாமா? எனக்கு எதிரிங்க காதலர் ஆகறதுன்னா உயிர்.

எடுக்கலாம், அதில் தப்பே இல்லை. ட்ரோப் என்றால் பல நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிற கதை அமைப்பு. எதிரிகள் காதலராவது, போலிக் காதல், கட்டாயக் கல்யாணம், நண்பர்கள் காதலராவது, பிரிந்தவர்கள் மறுபடி சேர்வது என்று வாசகர்கள் பெயர் வைத்திருப்பது தேடுவதற்கு வசதியாகத்தான். ஆனால் ட்ரோப் எந்தக் கதை என்பதை மட்டும்தான் சொல்லும். எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. இரண்டும் ஒரே ட்ரோப் என்றால் அதை வைத்து உங்களால் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

அங்கே கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். எதிரிகள் என்றால் எந்த அளவு? அலுவலகச் சீண்டலா, ஒருவர் குடும்பத்தை மற்றவர் அழித்த பகையா? இரண்டாவது என்றால் மன்னிப்புக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்? போலிக் காதல் என்றால் நடிக்க வேண்டிய காரணம் நம்பும்படி இருக்கிறதா? ஆலி ஹேசல்வுட்டின் 'தி லவ் ஹைபோதெசிஸ்' (2021) கதையில், தன் தோழி குற்ற உணர்ச்சி இல்லாமல் ஒருவனோடு பழக வேண்டும் என்பதற்காக ஆலிவ் தனக்கு ஆள் இருப்பதாக நடிக்கிறாள். காரணம் சின்னதுதான். ஆனால் அது அவள் சுபாவத்திலிருந்து வருகிறது, அதனால் ஒட்டுகிறது.

கார்ட்டூன் அட்டையைப் பாத்து லைட்டா இருக்கும்னு எடுத்தேன், அழுதே போயிட்டேன். எப்படி முன்னாடியே தெரிஞ்சுக்கறது?

அட்டையை நம்பாதீர்கள். பளிச் நிறமும் வரைந்த உருவங்களும் இது தற்காலக் காதல் நாவல் என்று சொல்கின்றன, அவ்வளவுதான். எடை எவ்வளவு என்று சொல்வதில்லை. 'பீச் ரீட்' என்ற பெயரே கடற்கரையில் படிக்கிற லேசான புத்தகம் என்ற எண்ணத்தைத் தரும். உள்ளே இருப்பதை மேலே சொல்லிவிட்டேன். காலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) அட்டையில் பூ இருக்கிறது, நாயகி பூக்கடை வைக்கிறாள். நாவலின் மையம் குடும்ப வன்முறை. தெரிந்து எடுக்கிறவருக்கு அது ஒரு புத்தகம், தெரியாமல் எடுத்து, அதே அனுபவத்தைக் கடந்து வந்தவருக்கு அது வேறு புத்தகம்.

நிறைய எழுத்தாளர்கள் இப்போது நாவலின் முதல் பக்கத்திலோ தங்கள் இணையதளத்திலோ உள்ளடக்க எச்சரிக்கை போடுகிறார்கள். அதைப் படித்தால் கதை கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். மரணம், கருச்சிதைவு, வன்முறை, நோய் என்று பொதுவாகத்தான் சொல்லியிருப்பார்கள். யாருக்கு, எப்போது என்று இருக்காது. இரண்டு புத்தகங்களுக்கும் இதைப் பார்த்துவிட்டால் பல நேரம் முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

ரேட்டிங் ரெண்டுக்கும் நாலு சொச்சம்தான். அதை வெச்சு எப்படி முடிவு பண்றது?

சராசரியை விட்டுவிடுங்கள். பிரபலமான நாவல்களின் சராசரிகள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், அதில் உங்களுக்குப் பயன் இல்லை. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து கொடுத்தவர் உணர்ச்சிவசப்பட்டிருப்பார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருப்பார். நடுவில் இருப்பவர்தான் "பேச்சு நல்லா இருந்தது, பாதிக்கு மேல ஒண்ணுமே நடக்கல" என்று விஷயத்தைச் சொல்வார்.

அந்தக் குறை உங்களுக்குக் குறையா என்று பிறகு யோசியுங்கள். "முத்தம் கொடுக்கவே இருநூறு பக்கம் ஆச்சு" என்று ஒருவர் நொந்துகொள்வது, மெதுவாக எரிகிற காதலைத் தேடுகிற உங்களுக்குச் சிபாரிசு. நான் இப்படிப்பட்ட புகார்களைப் படித்துத்தான் எனக்கு மிகப் பிடித்த சில நாவல்களுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

படுக்கையறைக் காட்சி எவ்வளவு இருக்கும்னு எப்படித் தெரியும்? கேக்கவே கூச்சமா இருக்கு.

கூச்சப்பட எதுவும் இல்லை, இது மசாலா எவ்வளவு என்று கேட்பது போலத்தான். வாசகர்களே 'ஸ்பைஸ்' என்ற பெயரில்தான் இதை அளக்கிறார்கள், மதிப்புரைகளில் மிளகாய்ப் படம் போட்டுக் குறிப்பதும் உண்டு. கதவை மூடிவிடுகிற நாவல் ('க்ளோஸ்ட் டோர்'), திறந்தே வைக்கிற நாவல் ('ஓப்பன் டோர்') என்று தேடினாலும் கிடைக்கும். அட்டையை வைத்து இதையும் கண்டுபிடிக்க முடியாது. ஹெலன் ஹோவாங்கின் 'தி கிஸ் கோஷன்ட்' (2018) பார்க்க இனிமையான அட்டை கொண்டது, உள்ளே காட்சிகள் விரிவாகவே இருக்கும். ஆட்டிசம் உள்ள நாயகி நெருக்கத்தைக் கற்றுக்கொள்வதுதான் அந்தக் கதையே என்பதால் அவை அங்கே தேவையாகவும் இருக்கின்றன.

எவ்வளவு என்பதைவிட எதற்கு என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அந்தக் காட்சிக்குப் பிறகு இருவருக்கும் நடுவே ஏதாவது மாறியிருக்க வேண்டும். அது நடந்தால் விரிவாக இருந்தாலும் சரி, கதவு மூடியிருந்தாலும் சரி.

சேரத்தான் போறாங்கன்னு தெரிஞ்சா என்ன சுவாரஸ்யம்?

குற்றக் கதையில் கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரிந்துதானே படிக்கிறோம். எப்படி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தன்னை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று முதல் பக்கத்தில் நம்பிய ஒருத்தி, கடைசிப் பக்கத்தில் அதை நம்பாமல் போவது எப்படி நடந்தது? அந்த மாற்றத்தை நம்பும்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது, சரியாக வராத நாவலைப் படிக்கும்போது தெரியும். முடிவு உறுதி என்பதால்தான் இந்த நாவல்கள் துக்கத்தையும் நோயையும் வன்முறையையும் இவ்வளவு தைரியமாகத் தொட முடிகிறது. நமக்கும் கூடவே போகத் தைரியம் வருகிறது.

கடைசியில வர்ற அந்தப் பிரிவு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அது இல்லாத நாவல் இருக்கா?

இருக்கிறது. முக்கால் பங்குக் கதை முடிந்ததும் ஒரு பெரிய சண்டை, பிரிவு, அப்புறம் சமாதானம் என்பது இந்த வகையின் வழக்கம். அதற்கு 'தர்ட் ஆக்ட் பிரேக்அப்' என்று பெயர். அது இல்லாத நாவல்களை வாசகர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்கும்.

ஆனால் உங்களுக்குப் பிடிக்காதது பிரிவா, காரணமில்லாத பிரிவா என்று யோசித்துப் பாருங்கள். முன்னே சொன்ன மூன்று தடைகளுக்கு இங்கே திரும்ப வாருங்கள். முதலிலிருந்தே உள்ளே இருந்த பயம் கடைசியில் வெடித்தால் அந்தப் பிரிவு வலித்தாலும் நியாயமாக இருக்கும். எங்கிருந்தோ ஒரு பழைய காதலி வந்து நின்றால் எரிச்சல்தான் வரும். எமிலி ஹென்றியின் 'ஹேப்பி பிளேஸ்' (2023) கதை தொடங்கும்போதே ஜோடி பிரிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன, நண்பர்களிடம் அதை மறைத்து ஒரு வாரம் சேர்ந்திருப்பதாக நடிக்கிறார்கள். பிரிவு முன்னாலேயே நடந்துவிட்ட இந்த மாதிரிக் கதை உங்களுக்கு ஒத்துவரலாம்.

ரெண்டுமே ஒரே எழுத்தாளரோடது. வெளிவந்த வரிசையில படிக்கணுமா?

தனித்தனி நாவல்கள் என்றால் தேவையில்லை. எமிலி ஹென்றியின் 'பீப்பிள் வீ மீட் ஆன் வெக்கேஷன்' (2021), 'புக் லவர்ஸ்' (2022) இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. பத்து வருட நட்பு காதலாகிறதா என்ற தவிப்பு வேண்டுமென்றால் முதலாவது. அது இந்தக் கோடை, பழைய கோடைகள் என்று முன்னும் பின்னும் தாவும், தாவல் பிடிக்காதவர்கள் கவனிக்க வேண்டும். தங்கையை வளர்த்து ஆளாக்கிய, வேலையே உயிராக இருக்கும் ஒருத்தியின் கதை வேண்டுமென்றால் இரண்டாவது. அதில் அக்கா தங்கை பாசம் காதலுக்குச் சமமாக நிற்கிறது, எனக்கு அதுதான் ஒருபடி மேல்.

தொடராக இருந்தால் எந்த மாதிரித் தொடர் என்று பாருங்கள். டாலியா ஹிபர்ட்டின் பிரவுன் சகோதரிகள் நாவல்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரு சகோதரி, 2019 முதல் 2021 வரை வந்தவை. எங்கே தொடங்கினாலும் கதை புரியும். ஆனால் பின்னால் வந்ததை முதலில் படித்தால் முன்னால் வந்த ஜோடி சேர்ந்துவிட்டது தெரிந்துவிடும். ஒரே ஜோடி பல பாகம் போகிற தொடர் என்றால் முதல் பாகத்தைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப்பட்டதில் முதல் பாகம் தொங்கலில் முடியுமா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒண்ணுல ஹீரோ ரொம்ப நல்லவன், இன்னொண்ணுல ஆன்டி ஹீரோ. ஆன்டி ஹீரோ கதை படிச்சா தப்பா?

படிப்பதில் தப்பில்லை. கற்பனையில் ரசிப்பதும் வாழ்க்கையில் ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல என்பது வாசகிகளுக்கு நன்றாகவே தெரியும். இதைச் சாக்காக வைத்து அவர்களுக்கு உபதேசம் செய்வது எனக்குப் பிடிக்காது.

நான் பார்ப்பது நாவல் அவனைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை. அவன் செய்த கொடுமை கொடுமை என்று கதைக்குத் தெரிகிறதா? அவள் கோபத்துக்கு இடம் இருக்கிறதா? அவன் திருந்துவது அவளைக் காதலித்ததால் மட்டுமா, தான் செய்ததை உணர்ந்ததாலா? அறைந்தவன் அடுத்த அத்தியாயத்தில் மருந்து தடவினால் எல்லாம் சரி என்று முடிகிற கதையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். முரடனாக இருந்தும் அவள் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு நின்றுவிடுகிறவன் வேறு ரகம். இந்த இரண்டையும் ஒரே 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் போட்டுவிடுகிறார்கள், அதனால்தான் குழப்பம்.

மனசு சரியில்ல. எதைப் படிக்கலாம்?

இருவரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருக்கிற, தடை வெளியே இருக்கிற நாவலை எடுங்கள். மேலே சொன்ன ஜோடியில் 'தி ஃப்ளாட்ஷேர்' ஏன் ஆறுதலாக இருக்கிறது என்றால் இதனால்தான். மனம் களைத்திருக்கும்போது காதலர்களே ஒருவரையொருவர் குத்திக்கொள்வதைப் படித்தால் இன்னும் களைப்புதான் வரும். ஏற்கெனவே படித்துப் பிடித்த நாவலை மறுபடி எடுப்பதும் நல்ல வழி. அப்போது இரண்டு புதுப் புத்தகங்களும் காத்திருக்கட்டும்.

ஆடியோபுக்கா கேக்கப் போறேன். ஏதாவது மாறுமா?

மாறும். இரண்டு பார்வை நாவலுக்கு இரண்டு குரல்கள் வாசித்திருந்தால் கேட்க அது மேல். காலம் முன்னும் பின்னும் தாவுகிற நாவலைக் கேட்கும்போது எந்த வருடத்தில் இருக்கிறோம் என்பது அடிக்கடி நழுவும், பின்னால் புரட்டிப் பார்ப்பதும் சிரமம். அப்படிப்பட்டதைக் கண்ணால் படிக்க வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மாதிரி ஒலி கேட்டுப் பாருங்கள். பிடிக்காத குரலில் பத்து மணி நேரம் காதல் கதை கேட்க முடியாது.

ரெண்டுல ஒண்ணு படமா வந்துடுச்சு. படத்தைப் பாத்துட்டு புக்கைப் படிக்கலாமா?

இந்த வகையில் நான் புத்தகத்தை முதலில் வைப்பேன். 'தி ஹேட்டிங் கேம்' 2021லும் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2024லும் படமாக வந்தன. லூசி தனக்குத் தெரியாமலே அவனைக் கவனித்துக்கொண்டிருப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது அவள் மனதுக்குள் நடக்கிற பேச்சு. படத்தில் அதற்கு இடம் குறைவு. ஏற்கெனவே படத்தைப் பார்த்தாகிவிட்டது என்றால் இரண்டில் மற்றதை முதலில் எடுங்கள், நடிகர்களின் முகம் கொஞ்சம் மங்கிய பிறகு இதற்கு வாருங்கள்.

ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அம்பது பக்கம் போயிட்டேன், ஒட்டவே இல்ல. விட்டுட்டு மத்ததை எடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் எதனால் ஒட்டவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு விடுங்கள். நடை பிடிக்கவில்லை என்றால் மேலே போனாலும் மாறாது, மூடிவிடுங்கள். ஆட்களைப் பிடிக்கவில்லை என்றால் இருவரும் தனியாக ஒரு முழுக் காட்சியில் இருக்கும் இடம்வரை போய்ப் பாருங்கள், பல நாவல்கள் அங்கேதான் உயிர்பெறும். புத்தகத்தில் குறையே தெரியவில்லை, உங்களுக்குத்தான் இப்போது மனமில்லை என்றால் பாதியில் வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுங்கள்.

ரெண்டையும் ஒரே நேரத்துல படிச்சா?

காதல் நாவல்கள் இரண்டை வேண்டாம். ஒரு ஜோடியின் மெல்லிய மாற்றங்கள் மனதில் தங்க வேண்டும், அடுத்த ஜோடி வந்து கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும். ஒரு காதல் நாவலும் வேறு வகைப் புத்தகம் ஒன்றும் என்றால் பிரச்சினை இல்லை.

எல்லாத்தையும் பாத்தாச்சு. ரெண்டும் சமமாத்தான் தெரியுது. இப்ப?

கடைசியாக நீங்கள் முடித்த நாவலைப் பாருங்கள். அது நாயகி மட்டும் சொன்ன கதை என்றால் இப்போது இரண்டு பார்வை நாவல். அதில் தடை உள்ளே இருந்தது என்றால் இப்போது வெளித்தடை. வாய்ச்சண்டை போட்ட ஜோடிக்குப் பிறகு இன்னொரு வாய்ச்சண்டை ஜோடியை எடுத்தால் இரண்டாவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதலாவதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம், அந்தப் புத்தகத்துக்கு அது நியாயம் இல்லை. அதுவும் ஒன்றாகவே இருந்தால் பக்கம் குறைந்ததை எடுங்கள், மற்றதும் சீக்கிரமே கைக்கு வந்துவிடும்.